நூறு வரை சொல்லும் குழந்தைக்கு நாலு தெரியுமா?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கும்போது இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கூட வருகிற எல்.கே.ஜி. குழந்தைக்கு ‘ஒன், டூ, த்ரீ’ ஐம்பது, நூறு என்று தடங்கலில்லாமல் வரும். வீட்டுக்கு வந்த மாமா, அத்தை முன்னால் ஒப்பித்துக் கைதட்டலும் வாங்கியிருக்கும். அந்தக் குழந்தையிடம், “நாலு எலுமிச்சம்பழம் எடுத்துக் குடு கண்ணு” என்று கேளுங்கள். மூன்று, மூன்றரை வயதில் பல குழந்தைகள் கை கொண்டமட்டும் அள்ளித் தரும். ஆறோ ஏழோ இருக்கும். “எண்ணிப் பாரு, நாலு இருக்கா?” என்றால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும், ‘ஏழு’ என்று முடிக்கும், பிறகு “இந்தா, நாலு” என்று அதையே நீட்டும். கவனக்குறைவும் இல்லை, குறும்பும் இல்லை. நூறு வரை சொல்லத் தெரிந்த குழந்தைக்கு நாலு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. கண்முன் இருப்பது எத்தனை என்று அறிவது வேறொரு திறமை. நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவது பல வருடப் பழக்கத்தால். பறக்கும் ரயிலில் அடிக்கடி போகிற குழந்தை திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம் என்று நிலையங்களைப் பாட்டாகவே பாடிவிடும். அதை வைத்து, எந்த நிலையம் எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியும் என நாம் முடிவுகட்டுவதில்லை. ‘கோட்டூர்புரத்துக்கு முன்னாடி எது?’ என்றால் மறுபடி திருமயிலையில் ஏறித்தான் வந்துசேரும். எண்களிலும் இதே கதைதான். ‘ஆறுக்கு அப்புறம் என்ன?’ என்றால் ஒன்றிலிருந்து புறப்படுகிற குழந்தையின் எண் வரிசையை, அறுக்க முடியாத சங்கிலி என்று வர்ணித்தார் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கேரன் ஃபியூசன். சங்கிலியின் நடுவில் எந்தக் கண்ணியிலிருந்தும் தொடங்க வந்தால்தான் ‘ஆறோடு இரண்டு’ என்பதற்கு ‘ஏழு, எட்டு’ என்று மேலே எண்ணிப்போக முடியும். கூட்டல் அங்கேதான் பிறக்கிறது.

எலுமிச்சம்பழச் சோதனைக்கு உளவியலில் ஒரு வரலாறு உண்டு. 1990 வாக்கில் கேரன் வின் என்ற ஆய்வாளர், குழந்தைகளிடம் ஒரு குவியல் பொம்மைகளைக் கொடுத்து, இதிலிருந்து ஒன்று கொடு, இரண்டு கொடு, ஐந்து கொடு என்று கேட்டார். முடிவுகள் ஒழுங்கான படிக்கட்டாக வந்தன. முதலில் குழந்தைக்கு ‘ஒன்று’ மட்டும் தெரியும். வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு பிடி அள்ளித் தரும். சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’ பிடிபடும். இன்னும் சில மாதங்களில் ‘மூன்று’. ஒன்றறி நிலை, இரண்டறி நிலை, மூன்றறி நிலை என்று இவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாளும் அதே குழந்தை வாயால் பத்து வரை சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். மூன்று, நான்கைத் தாண்டியதும் ஒரு தாவல் நிகழ்கிறது. ஐந்துக்குத் தனியாகச் சில மாதம், ஆறுக்குத் தனியாகச் சில மாதம் என்று ஆவதில்லை. எண்ணத் தெரிந்த எண் வரைக்கும் எதைக் கேட்டாலும் எண்ணித் தரத் தொடங்கிவிடும்.

அந்தத் தாவலில் குழந்தை கண்டுபிடிக்கும் விஷயத்தைத் ‘தொகை விதி’ என்று சொல்லலாம்: எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் கூட்டத்தின் அளவு. நாலாவது பழத்தைத் தொட்டு ‘நாலு’ என்கிறோமே, அது அந்தப் பழத்தின் பெயர் அல்ல, நாலு பழத்துக்கும் சேர்ந்த பெயர். இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்பதைக் குழந்தையின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். ‘இது அம்மா, இது அப்பா, இது தாத்தா’ என்று தொட்டுக் காட்டும்போது ஒவ்வொரு சொல்லும் தொட்டவருக்கே உரியது. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று தொடும்போது மட்டும் கடைசிச் சொல் திடீரென்று எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது! விதி பிடிபடாத குழந்தையிடம் எண்ணி முடித்த கையோடு “ஆக மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் விடை சொல்லாது. மறுபடி முதலிலிருந்து எண்ணும். ‘எத்தனை’ என்றால் ‘எண்ணிக் காட்டு’ என்றுதான் அதற்குப் பொருள்.

ரோச்சல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் இருவரும் 1978இல் எழுதிய நூலில், சரியாக எண்ணுவதற்கு ஐந்து விதிகள் வேண்டும் என்று பிரித்துக் காட்டினார்கள். தொகை விதி அதில் ஒன்று. பொருளுக்கு ஒரு சொல், விடவும் கூடாது இரண்டுமுறை தொடவும் கூடாது என்பது இன்னொன்று. வலமிருந்து எண்ணினாலும் இடமிருந்து எண்ணினாலும் விடை மாறாது என்பதும் குழந்தை கற்க வேண்டியதுதான். நமக்குத்தான் அது சொல்லத் தேவையில்லாத உண்மை.

சரி, ஏன் மூன்று நான்கு வரை மெதுவாகவும் அதற்குமேல் ஒரே தாவலாகவும் நடக்கிறது? இதற்கு மொழி வருவதற்கு முந்தைய பருவத்துக்குப் போக வேண்டும். பேசாத குழந்தையிடம் கணக்குக் கேட்பது எப்படி? அது எதை அதிக நேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்துதான். எதிர்பாராதது நடந்தால் குழந்தை கூடுதல் நேரம் பார்க்கும். 1992இல் கேரன் வின் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு குட்டி மேடையில் பொம்மை ஒன்றைக் காட்டி, திரையால் மறைத்து, திரைக்குப் பின்னால் இன்னொரு பொம்மையை அவர்கள் பார்க்கவே வைத்தார். பிறகு திரையை இறக்கினார். இரண்டு பொம்மை இருந்தபோது பார்த்ததைவிட, ஒன்றே ஒன்று இருந்தபோது குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். சிறு எண்ணிக்கைகளை மனம் பிறவியிலேயே கண்காணிக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. பெரிய எண்ணிக்கைகளுக்கு வேறொரு கருவி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை 8 புள்ளிக்கும் 16 புள்ளிக்கும் வித்தியாசம் காண்கிறது; 8க்கும் 12க்கும் காண்பதில்லை. ஃபெய் ஷு, எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் 2000இல் வெளியிட்ட முடிவு இது. இதைத் தோராய எண்ணுணர்வு என்கிறோம்.

ஆக இயற்கை நமக்குத் தந்திருப்பவை இரண்டு: மூன்று நான்கு வரை துல்லியம், அதற்குமேல் உத்தேசம். ‘சரியாக ஏழு’ என்பதற்குப் பிறவிச் சொத்து ஏதும் இல்லை. அதை மனிதர்கள் எண்ணுப்பெயர்களைக் கொண்டு கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு குழந்தையும் அதை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. பொலிவியாவில் அமேசான் காட்டையொட்டி வாழும் சிமானே மக்களின் குழந்தைகளிடம் இதே சோதனையை வைத்தபோதும் இதே படிகள், இதே வரிசை. எட்டும் வயதுதான் மிகவும் தள்ளிப்போனது. வரிசையை மாற்ற முடியாது, வேகத்தைச் சூழல் மாற்றும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

எண்ணாமல் பார்த்தவுடன் ‘மூணு’, ‘நாலு’ என்று அறிவதை ஒருபார்வை எண்ணறிவு எனலாம். இதற்குப் பயிற்சி தரும் விளையாட்டு நம் பாட்டிமார் கையில் வெகுகாலமாக இருந்தது. பல்லாங்குழியில் காய் போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அது ‘பசு’. அந்தக் குழிக்கு உரியவர் சட்டென்று அள்ளிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால் ஆட்டம் கடந்துபோய்விடும். மூன்றிலிருந்து நாலாகும் கணத்தைக் கண் பிடித்தாக வேண்டும். குழிக்கு ஒரு காய் என்று போட்டுச் செல்வதோ பொருளுக்கு ஒரு சொல் என்ற விதிக்கே ஒத்திகை. உளவியலாளர் ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்தாலும் எல்.கே.ஜி.க்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று செய்துவிட முடியுமா என்பது சந்தேகமே.

அடையாறுக்கு இந்த விஷயத்தில் தனி உரிமை உண்டு. 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், மரியா மான்டிசோரி தன் மகன் மாரியோவுடன் அங்கே வந்திறங்கினார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். சபை வளாகத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஆசிரியர் பயிற்சி நடந்தது. முன்னூறு பேருக்கு மேல் வந்தார்கள். சில மாதங்களில் திரும்பிவிடுவதாக இருந்தவரை யுத்தம் பிடித்து நிறுத்தியது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியர்களான தாயும் மகனும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ சிறைமுகாமுக்குப் போனார், அம்மையாருக்கு நடமாட்டக் கட்டுப்பாடு. அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். 1946 வரை அவர் இந்தியாவிலேயே இருந்தார், அதில் ஒரு பகுதி கொடைக்கானலில்.

அவர் கணிதத்துக்கு வடிவமைத்த சாமான்களைக் கிட்டத்தில் பார்த்தால், தொகை விதியைக் கையில் பிடித்துக் கொடுக்கும் முயற்சி அது என்பது புரியும். பத்து மரக்கோல்கள். மிகச் சிறியது பத்து சென்டிமீட்டர், மிகப் பெரியது ஒரு மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும். நாலாம் கோலை எடுக்கும் குழந்தை நிறங்களைத் தொட்டு ‘ஒன்று, இரண்டு, மூன்று, நாலு’ என்று எண்ணுகிறது. ஆனால் கையில் இருப்பது பிரிக்க முடியாத ஒரே கோல். நாலு என்பது ஒரே பொருளாகக் கையில் கனக்கிறது. சிதறிக் கிடக்கும் எலுமிச்சம்பழங்கள் தராத பாடம் இது. கோல்களுக்குப் பிறகு வருவது கதிர்ப்பெட்டி: 0 முதல் 9 வரை எழுதிய அறைகளும் 45 மரக்கதிர்களும். இங்கே குச்சிகள் தனித்தனி. குழந்தைதான் அவற்றைச் சேர்த்து ஒரு தொகையாக்க வேண்டும். பூஜ்யத்தின் அறையில் எதுவும் போடக் கூடாது. எல்லா அறையும் சரியாக நிரம்பினால் கையில் ஒரு கதிர்கூட மிஞ்சாது. மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ தப்பு என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். ஆசிரியை குறுக்கிட வேண்டியதில்லை. எண்ணுரு, அதாவது 4 என்று எழுதும் வடிவம், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய உருவாக விரலுக்குத் தனியே அறிமுகமாகிறது. (விரலால் தடவி எழுதப் பழகுவது சென்னைக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் தன் எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அச்சிட்டும் சொன்னார்.) ‘மான்டிசோரி’ என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் போட்டுக்கொள்ளலாம். கோல் அலமாரியில் இருக்கிறதா, குழந்தை கையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விலை கொடுத்து வாங்கவும் அவசியமில்லை, தடித்த அட்டையில் வெட்டிக்கொள்ளலாம்.

பத்தைத் தாண்டினால் நம் நகரக் குழந்தைக்குத் தனிச் சிக்கல் காத்திருக்கிறது. வீட்டில் ‘பதினாலு’, பள்ளியில் ‘ஃபோர்ட்டீன்’. 14 என்று எழுதும்போது பத்தின் குறி முதலில் வருகிறது. பதினாலிலும் பத்து முதலில். ஃபோர்ட்டீனில் நாலு முன்னால் வந்து நிற்கிறது, பத்து என்பதன் சாயல்கூட வெளிப்படையாகத் தெரிவதில்லை. இதற்கும் ஆய்வு இருக்கிறது. கெவின் மில்லரும் சகாக்களும் 1995இல் சீன, அமெரிக்கச் சிறு குழந்தைகளை ஒப்பிட்டார்கள். பத்து வரை வேறுபாடே இல்லை. பத்துக்கு மேல், ‘பத்து-ஒன்று, பத்து-இரண்டு’ என்று சொல்லும் சீனக் குழந்தைகள் முந்தினார்கள். தமிழும் பன்னிரண்டு தவிர மற்ற இடங்களில் கிட்டத்தட்ட அதே வசதியைத் தருகிறது. தி.நகரிலோ மந்தைவெளியிலோ இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த கையோடு வீட்டிலும் தமிழ் எண்களை நிறுத்திவிடுகிற பெற்றோர், குழந்தைக்கு இடமதிப்பு கற்றுத்தரும் இலவச ஆசிரியரை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு: எண்பத்தொன்பதுக்கு அப்புறம் வரும் தொண்ணூறில் ‘நூறு’ கேட்கிறது. அங்கே வந்ததும் குழந்தை குழம்பினால் திட்ட வேண்டாம்.

கேட்கும் விதமும் விடையை மாற்றும். ஜான் பியாஜே இரண்டு வரிசை வில்லைகளைச் சமமாக வைத்து, ஒன்றைப் பரப்பிவிட்டு, “இப்போது எதில் அதிகம்?” என்று கேட்டார். ஐந்து வயதுக் குழந்தைகள் பலரும் நீண்ட வரிசையைக் காட்டினார்கள். எண்ணிக்கை மாறாமை குழந்தைக்கு விளங்கவில்லை என்பது அவர் முடிவு. 1974இல் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் ஒரு கரடி பொம்மையை விட்டு வரிசையைக் ‘குறும்பாக’ கலைக்கச் செய்தார்கள். சரியான விடை சொன்னவர்கள் மளமளவென்று கூடிவிட்டார்கள். பெரியவர் தானே கலைத்து, தானே மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று குழந்தை நினைக்கிறது. “நல்லா யோசிச்சுச் சொல்லு, எத்தனை?” என்று வகுப்பில் இரண்டாம் முறை கேட்டதும் விடையை மாற்றும் குழந்தைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் எழுத்து, எண்ணுரு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு விளையாட விட்டால் போதுமா? போதாது என்று சொன்னது டெல்லியில் நடந்த பெரிய ஆய்வு. 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. மொய்ரா டில்லன், ஸ்பெல்கி, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ முதலியோர், பிரதம் அமைப்பின் 214 பாலர் பள்ளிகளில் சுமார் 1,500 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாலு மாதம் கணித விளையாட்டுகள்: எந்தச் சீட்டில் புள்ளி அதிகம், எந்த உருவம் மாறுபட்டது என்ற வகை. தோராய எண்ணுணர்வும் வடிவ உணர்வும் கூடின, ஒரு வருடத்துக்கு மேலும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. ஆனால் முதல் வகுப்புக்குப் போனபின் பள்ளிக் கணக்கில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னால் இல்லை. ‘விளையாட்டிலேயே எல்லாம் வந்துவிடும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். உணர்வு ஒரு கரையில், 4 என்ற குறியும் ‘நாலு’ என்ற சொல்லும் மறு கரையில் நின்றால் பயனில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் சேர்த்தாக வேண்டும். அடையாறு அம்மையார் கோலுக்குப் பக்கத்தில் எண் அட்டையை வைக்கச் சொன்னது அதற்குத்தான்.

சேர்ப்பதற்கு எளிய வழிகள் ஆய்வில் தெளிவாகியிருக்கின்றன. கெல்லி மிக்ஸ் குழுவினர் 2012இல் கண்டது: தொகையை முதலில் சொல்லிவிட்டு உடனே எண்ணிக் காட்டினால் தொகை விதி சீக்கிரம் பிடிபடுகிறது. “இதோ மூணு முறுக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு.” வெறுமனே எண்ணுவதோ வெறுமனே ‘மூணு’ என்பதோ அந்தப் பலனைத் தரவில்லை. எலிசபெத் கண்டர்சன், சூசன் லெவின் இருவரும் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார்கள். கண்முன் இருக்கும் பொருள்களைக் காட்டி, அதிலும் நாலிலிருந்து பத்து வரையான கூட்டங்களைப் பற்றிப் பெற்றோர் எவ்வளவு பேசினார்களோ, அந்த அளவுக்குக் குழந்தை பின்னால் தொகை விதியில் தேறியிருந்தது. மார்கழியில் வாசலில் 5 புள்ளி, 3 வரை ஊடுபுள்ளி வைக்கும்போது 3, 4, 5, 4, 3 என்று வரிசை வரிசையாகக் குழந்தையோடு பேசிக்கொண்டே வைப்பது இந்த வகையில் சேரும். விரல்விட்டு எண்ணுவதையும் தடுக்காதீர்கள். விரலை மடக்கினால் அடிக்கும் பழைய வழக்கத்துக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பேச ஆள் இருக்கிறது. மற்றப் பிள்ளைக்கு அங்கன்வாடிதான். ஒரே ஊழியர் சமையலையும் கவனித்து, எடை பார்த்து, பதிவேடுகளை நிரப்பி, மிச்ச நேரத்தில் பாடமும் நடத்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வில் பாதி மையங்களுக்குப் பாடத்துக்கென்றே அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். பாட நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணிதத்திலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய ஊழியருக்கு நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் செய்த ஆய்வு இது. புதிய கருவியோ செயலியோ அல்ல, இன்னொரு ஆள்.

எல்.கே.ஜி. வீட்டுப்பாடத்தில் 1 முதல் 100 வரை எழுதச் சொல்வதைப் பள்ளிகள் நிறுத்திவிடலாம். டேவிட் கியரி குழுவினர் அமெரிக்காவில் பாலர் வகுப்புக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் சொன்னது, தொகை விதியை முன்கூட்டியே எட்டியவர்கள்தான் முதல் வகுப்பில் நுழையும்போது எண்களைப் பற்றி அதிகம் அறிந்திருந்தார்கள் என்பது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ‘எதுவரை சொல்கிறாள்?’ என்று கேட்காமல், ‘எத்தனை கேட்டால் சரியாக எடுத்துத் தருகிறாள்?’ என்று கேளுங்கள். ஆசிரியையிடம் அதற்கு விடை இருந்தால் பள்ளி சரியான பள்ளி.